மலைமேல் கடல் வாத்தியார்

மலையில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் பாடம் எடுக்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி, நீங்கள் சொல்வது தப்பு என்று எழுந்து நிற்க ஆள் கிடையாது. ஒரு பெரிய கஷ்டம், சரி என்று தலையாட்டவும் ஆள் கிடையாது.

சிறுசேமிப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, கோழிக்குத் தடுப்பூசி போடச் சொல்லி மைக் பிடித்தவர்களே, குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கல்யாண வீட்டில் பேச அனுப்பப்பட்டவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். கேட்காதவர்களிடம் கேட்காததைச் சொல்லி மாதச் சம்பளம் வாங்கியவன் படும் பாடு உங்களுக்குத்தான் தெரியும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கொடைக்கானலில் இருந்த ஒரு சின்னச் சங்கத்தில் எனக்கு வேலை. மலையூர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், கடலை அசுத்தம் செய்யக் கூடாது, கடலில் இருக்கிற உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எனக்குத் துணை ஒரு பழைய வேன். அதை ஓட்டுவதற்குச் சவரிமுத்து என்று ஒரு கொடைக்கானல்காரர். வேனின் பக்கவாட்டில் ஒரு திமிங்கிலம் வரைந்திருக்கும். வரைந்தவர் அதற்கு முன்னால் பால் வண்டிகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். அதனால் திமிங்கிலத்தின் கண்ணில் ஒரு பசுமாட்டுச் சாந்தம் தெரியும்.

வேலை கிடைத்த விதம்

எங்கள் சங்கத் தலைவர் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் கடல் காற்றே ஆகவில்லை என்று கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர், வந்த பிறகு கடலை நினைத்து உருக ஆரம்பித்துவிட்டார். நான் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். விலங்கியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். நேர்முகத் தேர்வில் நீந்தத் தெரியுமா, மீன் பெயரெல்லாம் தெரியுமா என்று கேட்பார்கள் என்று தயார் செய்துகொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ல வாந்தி வருமா?" என்பதுதான். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி முடிக்கும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வந்தவன் நான். "வராதுங்க" என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

உத்தரவு கையில் வந்த தைரியத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, இந்தப் பாடத்தை எங்க ஊர்ப் பக்கம் கடற்கரையில நடத்தினா இன்னும் உபயோகமா இருக்குமே?" அவர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "தம்பி, கடற்கரையில போய்ச் சொன்னா அவங்க நம்மளத் திருப்பிக் கேள்வி கேப்பாங்க."

பாலசமுத்திரத்தில் விசாரணை

முதல் கூட்டத்தைப் பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிற பாலசமுத்திரத்தில் வைத்தார் தலைவர். பெயரிலேயே சமுத்திரம் இருக்கிறதே, ராசியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. 'சமுத்திரத்தை அசுத்தம் செய்வது சம்பந்தமாக நேரில் வந்து பேசுவோம்' என்று முன்கூட்டியே ஒரு கார்டும் போட்டிருந்தோம். போய் இறங்கினால் பிள்ளைகள் யாரையும் காணோம். பெஞ்சு முழுக்கத் தலைப்பாகை கட்டிய விவசாயிகள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வணக்கம் சொல்லி வாயை மூடவில்லை, ஒருவர் எழுந்தார். "எங்க ஆளுக யாரும் சமுத்திரக் குளத்துல மாடு கழுவுறதில்லீங்க." எதிர் பெஞ்சிலிருந்து உடனே இன்னொருவர் எழுந்தார். "ஏன்யா வாய் கூசாமப் பேசுறே? போன ஐப்பசியில ஒன் எருமை எங்க கெடந்துச்சு?" இரண்டு பெஞ்சும் எழுந்துவிட்டது. யார் தோட்டத்துச் சாக்கடை எந்த வழியாகக் குளத்துக்குள் வந்தது, அதை யாருடைய மச்சான் வெட்டிவிட்டார் என்பதெல்லாம் வெளியே வந்தது. சவரிமுத்து நைசாகப் போய் வேனைத் திருப்பி நிறுத்திக்கொண்டார்.

வேறு வழி தெரியாமல் நான் கடல் படத்தை எடுத்துச் சுவரில் விரித்தேன். நீலத் தண்ணீர், வெள்ளை அலை, கரையில் கறுப்பாக ஒதுங்கிய எண்ணெய். சண்டை அப்படியே நின்றது. எல்லாரும் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்கள். "இது எந்த மதகுப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். "இது நம்ம குளம் இல்லீங்க, வங்காள விரிகுடா" என்றேன். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. விசாரணை இல்லை என்ற நிம்மதி பாதி, நல்ல சண்டை வீணாகிவிட்டதே என்ற வருத்தம் பாதி. அவர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னை வேன் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "நம்ம சமுத்திரத்துல இப்பப் பொட்டுத் தண்ணி கெடையாது தம்பி. மழ பேஞ்சு நெறையட்டும். நாங்களே அசுத்தம் பண்ணிட்டுச் சொல்லி அனுப்புறோம், அப்ப வாங்க."

ஆமைக்கு அனுமதி இல்லை

கடல் ஆமைகள் மிதக்கிற பாலிதீன் பையை, ஜெல்லி மாதிரி இருக்கிற சொறிமீன் என்று நினைத்து விழுங்கிச் செத்துப்போகின்றன. இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று ஓர் ஆமை செய்யச் சொன்னோம். கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை செய்கிற ஒருவர் காகிதக் கூழில் கட்டில் அகலத்துக்கு ஓர் ஆமை செய்துகொடுத்தார். வாயில் ஒரு பாலிதீன் பை தொங்கும். குடிலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வர்ணத்தை அடித்ததால் ஆமை கொஞ்சம் ரோஸ் நிறத்தில், அப்போதுதான் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது.

மேல்மலையில் பூம்பாறை கிராமத்துப் பள்ளிக்கூடம். நானும் சவரிமுத்தும் ஆமையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படி ஏறினோம். தலைமை ஆசிரியர் இரண்டு கையையும் வாசலில் அகல விரித்து நின்றுகொண்டார். "நீங்க வரலாம் சார். ஆமை வரக் கூடாது." ஆமை உள்ளே வந்த இடம் விளங்காது என்று அவருக்கு உறுதியான நம்பிக்கை. "சார், இது காகிதம்" என்றேன். "என் இன்கிரிமென்ட்டும் காகிதத்துலதான் சார் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஆகாது" என்றார். சரி, வெளியிலேயே பாடம் நடத்திக்கொள்கிறேன் என்று ஆமையை மைதானத்தில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தேன்.

பாடம் பாதி ஓடும்போது மஞ்சு மூட்டம் இறங்கியது. பின்னாலேயே தூறல். முதலில் ஆமையின் கால்கள் ஊதின. பிறகு ரோஸ் வர்ணம் கரைந்து கண்ணிலிருந்து ஒழுகியது. நான் "இப்படித்தான் கண்ணுகளா, நாம போடுற ஒரு பை..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கழுத்து தொங்கி, தலை பையோடு சேர்ந்து தரையில் விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். என் தொழிலில் அவ்வளவு உருக்கமாகப் பாடம் நடந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். தலைமை ஆசிரியர் குடைக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா சார்! வெளிய வச்சதுக்கே இந்தக் கதின்னா, உள்ள வந்திருந்தா என் ஸ்கூல் என்னத்துக்கு ஆகும்?"

எண்ணெய்ப் பரிசோதனை

கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால் கடல் பறவை என்ன ஆகும் என்று காட்ட ஒரு பரிசோதனை உண்டு. தாம்பாளத்தில் தண்ணீர், அதில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், அதன் மேல் ஒரு கோழி இறகு. இறகு ஊறிப்போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்ததும் பிள்ளைகள் 'ஐயோ' என்பார்கள். அதுதான் திட்டம். பூம்பாறையில் இதைச் செய்தபோது 'ஐயோ' வந்தது. ஆனால் இறகு போடுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற காலம். பாட்டில் நிறைய இருந்ததை நான் தண்ணீரில் கவிழ்த்ததைப் பார்த்து ஒரு பையன் பெரியவர்களைக் கூப்பிட ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் பூண்டுக் காட்டில் வேலையாக இருந்த பெண்கள் மண்கையோடு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பேச்சியம்மா. அவருடைய மகளும் என் வகுப்பில் இருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பிலிருந்த பழைய துணியை எடுத்துத் தண்ணீர் மேல் பதமாகப் படரவிட்டார், தூக்கினார், பாட்டிலில் பிழிந்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு துணியோடு குனிந்தார்கள். வகுப்பு முடிவதற்குள் தாம்பாளத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பாட்டில் கிட்டத்தட்ட முன்போல நிறைந்திருந்தது. அதை என்னிடம் திருப்பித் தருவதாக யாரும் நினைக்கவில்லை.

நானும் விடவில்லை. "பாத்தீங்களாம்மா? நம்ம தாம்பாளத்துல கொட்டினதுக்கே இம்புட்டுப் பாடுன்னா, கடல்ல ஒரு கப்பல் நெறைய கொட்டிருது, அதை யாரு பிழியுறது?" என்று கேட்டேன். பேச்சியம்மா பாட்டிலுக்குத் தக்கை அடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "கப்பல் நெறையவா? ஏன் சார், அவுகளுக்கெல்லாம் எந்தக் கடையில கார்டு போட்டுக் குடுத்திருக்காக?"

வைகையின் குற்றம்

நாம் எங்கே குப்பை போட்டாலும் ஓடை வழியாக ஆற்றுக்குப் போய், ஆறு வழியாகக் கடலுக்குப் போய்விடும். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மலையில் என் பிழைப்பு ஓடியது. வத்தலக்குண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இதைச் சொன்னபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். "எங்க ஊர்த் தண்ணி வைகைக்குத்தானே சார் போகுது?" ஆமாம் என்றேன். "வைகை கடலுக்கே போறதில்லையே சார். ராமநாதபுரம் கண்மாயில போய் முடிஞ்சிரும்னு புவியியல் சார் சொல்லியிருக்காரு." பின்வரிசையில் உட்கார்ந்திருந்த புவியியல் ஆசிரியர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எப்போதாவது பெருவெள்ளம் வந்தால் கடலைத் தொடும், அது இது என்று சமாளித்தேன். பையன் விடவில்லை. "சார், நீங்க எந்த ஊரு?" ராமநாதபுரம் பக்கம் என்று சொல்லித் தொலைத்தேன். அவன் ரொம்ப மரியாதையாக, வருத்தத்தோடு சொன்னான்: "அப்ப எங்க குப்பை கடலுக்குப் போகல சார், உங்க வீட்டுக்குத்தான் போகுது."

கண்கண்ட சாட்சி

நான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்றதும், கடலிலேயே பிழைக்கிற ஒருவரைக் கூட்டிவந்து பேச வைக்கலாம் என்று தலைவருக்கு யோசனை வந்தது. என் சித்தப்பா மகன் அந்தோணி அண்ணனை வரவழைத்தேன். கைலிக்கு மேல் என் ஸ்வெட்டர், தலையில் துண்டு, பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்ள வந்து இறங்கினார். கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு பள்ளியில் கூட்டம். அங்கே இருந்த சிஸ்டர் முன்கூட்டியே அவரிடம், "கடல் எங்கள் தாய் என்று ஆரம்பியுங்கள், பிள்ளைகள் மனதில் பதியும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

அண்ணன் மேடையில் ஏறினார். நூறு பிள்ளைகள் சீருடையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். "கடல் எங்க..." என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை மறந்துவிட்டது. சிஸ்டர் கீழே இருந்து வாயசைத்துக் காட்டினார். அண்ணன் கொஞ்சம் யோசித்து, மனச்சாட்சிப்படி சொல்லிவிட்டார். "கடல் எங்க பங்காளி. ஒரு நாளைக்குக் குடுக்கும், மறுநாளு வலையையும் சேத்துப் புடுங்கிக்கிடும்." ஒரு சிறுமி எழுந்து, "அங்கிள், நடுக்கடல்ல இருக்கும்போது உங்களுக்கு என்ன ஃபீலிங் வரும்?" என்று கேட்டாள். "வெரசா வீட்டுக்குப் போவணும்னு வரும்" என்றார். அதற்குக் கை தட்டினார்கள். அத்தோடு கூட்டம் முடிந்தது.

சாயங்காலம் அவரை ஏரியைக் காட்டக் கூட்டிப்போனேன். புதுக் கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, தாங்களே துடுப்புப் போட்டுப் படகை ஓட்டிக்கொண்டு போய், மூச்சு வாங்க வாங்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அண்ணன் ரொம்ப நேரம் கரையில் நின்று பார்த்தார். முகம் மாறிக்கொண்டே போனது. "ஏலே, இங்கன காசு குடுத்துட்டுல்ல துடுப்புப் போடுறான்! நாம என்னத்துக்குலே அம்புட்டுத் தூரத்துல கெடந்து சாவுறோம்?"

கப்பலில் வந்தவள்

பூம்பாறை வகுப்பில் ஒரு நாள், உங்களில் யாராவது கடலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். வழக்கமாக யாரும் கை தூக்க மாட்டார்கள். அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தனலெட்சுமி என்று பெயர். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்த குடும்பத்துப் பெண். பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவள். "நான் கப்பல்ல வந்தேன் சேர்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு சாட்சி! அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, "சொல்லும்மா, கடல் எப்படி இருந்துச்சு? இவங்களுக்கெல்லாம் சொல்லு" என்றேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என் படத்தைப் பார்த்தாள், அந்த நீலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கண்ணத் தொறந்தா நம்ம ஊரு மறையிறது தெரியும்னு அம்மா சொன்னாங்க சேர். நான் வழி நெடுக கண்ண மூடிக்கிட்டுத்தான் வந்தேன். அது எப்பிடி இருக்கும்னு நீங்க சொல்லுங்க சேர்."

ஏரியில் ஆமை

சங்கத்துக்குப் பணம் அனுப்புகிறவர்களின் சார்பில் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பாடம் கேட்ட பிள்ளைகள் கடற்கரையைச் சுத்தம் செய்து, சேர்ந்த குப்பையைக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் சங்கத்தை மூடிவிடலாம் என்று யோசிக்கிறார்களாம். என் வேலை, சவரிமுத்து வேலை எல்லாம் போய்விடும். "கரைதானே கேக்குறாங்க? ஏரிக்கும் கரை இருக்குல்ல" என்றார் தலைவர்.

பூம்பாறைப் பிள்ளைகள் வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் சீசன் கூட்டம் விட்டுப்போன பாலிதீன் பைகள் புல்லில், முள்ளில், தண்ணீரில் எல்லா இடத்திலும் கிடந்தன. பிள்ளைகள் கை விறைக்க விறைக்கப் பொறுக்கினார்கள். தனலெட்சுமி முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்போது படகிலிருந்த ஒரு புது மாப்பிள்ளை சோளம் தின்ற பையைத் தண்ணீரில் விட்டார். பேச்சியம்மாவின் மகள் கரையிலிருந்து கத்தினாள். "அண்ணே, போடாதீங்க! ஆமை வந்து தின்னுரும்!"

மாப்பிள்ளை மணப்பெண்ணைக் கிட்டே இழுத்துக்கொண்டு, "இங்க ஆமை இருக்கா?" என்று கேட்டார். "இம்புட்டுப் பெருசு சார், கட்டில் அகலம்" என்று பிள்ளைகள் எல்லாரும் கையை விரித்துக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த ஒரே ஆமை எங்கள் ரோஸ் ஆமைதானே? படகுகள் பயத்தில் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. அரை மணி நேரத்தில் ஏரியைச் சுற்றிச் செய்தி பரவிவிட்டது. இறங்கியவர்கள் யாரும் லாட்ஜுக்குத் திரும்பவில்லை, கேமராவோடு கரையில் காத்து நின்றார்கள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கினேன். அவர் என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் காதோடு கேட்டார்: "சார், ஆமை எத்தனை மணிக்கு வெளிய வரும்னு மட்டும் சொன்னீங்கன்னா, ரேட்டக் கொஞ்சம் ஏத்திக்கிருவேன்."

சவரிமுத்துவின் நியாயம்

சாக்கு சாக்காகக் குப்பை சேர்ந்தது. பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு, சாக்குகளை வேனில் போட்டுச் சவரிமுத்துவிடம், வத்தலக்குண்டில் தலைவருக்குத் தெரிந்த ஒரு சரக்குக் கிட்டங்கியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். மெட்ராஸ் அம்மா மறுநாள் அந்த வழியாகத்தான் மலை ஏறி வருவதாக இருந்தது. அங்கேயே காட்டிவிடலாம் என்று ஏற்பாடு. வத்தலக்குண்டு போய்த் திரும்புவது என்றால் பொழுது சாய்ந்துவிடும். சவரிமுத்து நான் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் வந்துவிட்டார். வேன் காலி.

"அதுக்குள்ளயா?" என்றேன். பெருமாள்மலை தாண்டிக் கீழே ஒரு வளைவில் வேனை நிறுத்தி, சாக்குகளைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வந்திருந்தார். அடியில் ஓடை போகிற பள்ளம். அந்தப் பிள்ளைகளின் சிவந்த கைகள்தான் கண் முன்னால் வந்தன. சவரிமுத்து என் முகத்தைப் பார்த்து உண்மையாகவே குழம்பிப்போனார். "நீங்கதானே சார் ஊர் ஊரா மைக்கு வச்சுச் சொல்றீங்க, எங்க போட்டாலும் கடைசியில கடலுக்குத்தான் போகும்னு? அதான், டீசல் எதுக்கு வீணாக்குறதுன்னு வழியிலயே போட்டுட்டேன்."

பள்ளத்தில் எத்தனை பேர்?

மறுநாள் விடிந்ததும் ஒரு வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். கயிற்றை மரத்தில் கட்டி நான் பள்ளத்தில் இறங்கினேன், சவரிமுத்து மேலே நின்று, குனிந்து, "சார், கெடைச்சிருச்சா? உசுரோட இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த பஸ் டிரைவர், சாலையோரம் ஒரு வேன், மரத்தில் கயிறு, பள்ளத்தைப் பார்த்துக் கத்துகிற ஆள் எல்லாவற்றையும் பார்த்தார். பஸ்ஸை நிறுத்திவிட்டார். அடுத்த பஸ்ஸும் நின்றது. பிறகு லாரி. ஒரு பஸ் உருண்டுவிட்டது என்று பெருமாள்மலை வரைக்கும் செய்தி போய்விட்டது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் யாருடைய பெயரையோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கீழிருந்து, "ஆள் யாரும் இல்ல, குப்பைதான்!" என்று கத்தியது மேலே போய்ச் சேருவதற்குள், பத்து இளைஞர்கள் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டார்கள். மேலே ஆட்கள் சங்கிலி மாதிரி நின்றுவிட்டார்கள். முதல் சாக்கு கை மாறி மேலே போனபோது கூட்டம் நெருங்கி வந்தது. அவிழ்த்துப் பார்த்தார்கள். பாலிதீன் பை. எங்கோ ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆனால் சங்கிலி கலையவில்லை. இவ்வளவு தூரம் நின்றாயிற்று, மிச்சத்தையும் எடுத்துவிடலாம் என்று எல்லாச் சாக்கையும் ஏற்றிவிட்டார்கள். நடுவில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் அம்மா மூச்சு வாங்க வாங்கச் சாக்கு கை மாற்றிக்கொண்டிருந்தார். நெரிசலில் கார் மாட்டி இறங்கி ஓடிவந்த மெட்ராஸ் அம்மா அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. சங்கத்துக்கு இன்னும் ஒரு வருஷம் உயிர் கிடைத்தது அப்படித்தான்.

கடைசியாக மேலே வந்தவன் நான். நோட்டும் பென்சிலுமாக எனக்காக ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார். எத்தனை பிணம் என்று எழுதுவதற்காக வந்தவர். நடந்ததை நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் ஒன்றும் எழுதவில்லை. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "குப்பையப் போட்டுட்டு ஓடுறவனப் பிடிச்சிருக்கேன். போட்டுட்டு, கயிறு கட்டி எறங்கி எடுக்குறவனுக்கு எந்தச் செக்ஷன் போடுறதுன்னு எனக்குத் தெரியல. போயிருங்க."

பேரீச்சம்பழம்

அந்த நெரிசலில் நின்ற பஸ்ஸில் வத்தலக்குண்டுப் பழைய சாமான் வியாபாரி ஒருவரும் இருந்தார். ஓட்டை ஈயம், உடைந்த பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கிறவர். சாக்குகளைத் தூக்கிப் பார்த்தார், வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கடலுக்குப் போகாமல் குப்பை போக ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பேரீச்சம்பழத்தை அப்படியே பூம்பாறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நான் எத்தனையோ கூட்டத்தில் தொண்டை வற்றச் சொல்லி வராத ஆர்வம், ஒரு கை பேரீச்சம்பழத்தில் வந்துவிட்டது. வியாபாரியும் வாரம் தவறாமல் பூம்பாறை பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். ஊருக்குள் பாலிதீன் பை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் பெருமையோடு தலைவருக்குச் சொன்னேன்; அவர் மெட்ராஸுக்குச் சொன்னார்.

அடுத்த முறை வேன் பூம்பாறையில் போய் நின்றபோது பிள்ளைகளைக் காணோம். பெண்கள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பை எடை நிற்காது, கனமான பிளாஸ்டிக் கொண்டுவந்தால் இரட்டிப்புப் பழம் என்று வியாபாரி சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் முதலில் உடைந்த வாளியைக் கொண்டுபோனார்கள். பிறகு உடைத்துக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு உடைக்கக்கூட நேரமில்லாமல், குழாயடியில் வரிசையில் வைத்திருந்த குடங்களை அப்படியே கொண்டுபோய்விட்டார்கள். சவரிமுத்து என்ஜினை அணைக்கவில்லை. பேச்சியம்மா வேன் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு என்னைக் கேட்டார்: "கடல் கெடக்கட்டும் சார், அதுக்கு அம்புட்டுத் தண்ணி இருக்கு, எங்க வீட்டுத் தண்ணிய இனிமே நாங்க எதுல மோந்துட்டு வர்றது?"

அத்தனை வருஷம் மலையில் நான் கத்தியதால் கடல் ஒரு படி சுத்தமாயிற்றா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பூம்பாறையில் ரொம்ப நாளைக்கு யாரும் குடத்தை வீட்டுக்கு வெளியே வைக்கவில்லை.